நாலு சைக்கிள், எட்டுப் பேர் பசி

கேள்வி: தை பிறந்ததும் நண்பர்கள் நால்வர் வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் போகிறோம். லாட்ஜ் எடுக்காமல் தெரிந்தவர் வீடுகளில் தங்கினால் தொந்தரவாக நினைப்பார்களா?
– பல்கலைக்கழக மாணவர், காலாப்பட்டு

பதில்: முன்கூட்டிச் சொன்னால் நினைக்க மாட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினால் கட்டாயம் நினைப்பார்கள்! உங்கள் விடுதியிலேயே சிதம்பரத்துக்காரர் இருப்பார், நாகப்பட்டினத்துக்காரர் இருப்பார். இப்போதே பிடித்து வையுங்கள். முதல் இரவு சிதம்பரம், மறுநாள் தரங்கம்பாடி, மூன்றாம் நாள் வேளாங்கண்ணி. போகும்போது முதுகில் தள்ளும் வாடைக்காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்.

நால்வரும் ஒரே வீட்டில் இறங்காதீர்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வருவீர்களா என்பதை மதியமே போனில் சொல்லிவிடுங்கள். நாலு சைக்கிள்காரர் பசி எட்டுப் பேர் பசி.

ஆளே தெரியாத ஊரென்றால் 'வார்ம்ஷவர்ஸ்' பாருங்கள். சைக்கிள் பயணிகளுக்கு சைக்கிள்காரர்களே இலவசமாக இடம் தருவது. 1993 முதல் நடக்கிறது. கூச்சமே வேண்டாம். 1962-ல் சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்ற இருவர் கையில் காசில்லாமல் டெல்லியிலிருந்து மாஸ்கோவுக்கு நடந்தார்கள், வழிநெடுக யார் யாரோ சோறு போட்டார்கள். உங்களுக்கு வேளாங்கண்ணிதானே!

தங்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கிளம்பும் முன் சைக்கிளில் ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுங்கள்.