திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்? – புதிரான பாத்திரங்களுக்குக் குறிப்பு எழுதுதல்



வகுப்பறை நாடகத்திற்காகப் புதிரான பாத்திரம் ஒன்றைப் படைத்து, அதற்கு ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதிவருமாறு சென்ற பாடத்தின் இறுதியில் உங்களைக் கேட்டிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே பணியை ஏழாம் வகுப்பில் தந்தபோது மாணவன் ஒருவன் எழுதிவந்த குறிப்பு இன்றும் என் நினைவில் நிற்கிறது.

பெயர்: யாருக்கும் தெரியாது.
ஊர்: யாருக்கும் தெரியாது.
தொழில்: யாருக்கும் தெரியாது.
உடை: கறுப்பு.

படித்தபோது வகுப்பு கைதட்டியது. நடிக்க வந்தபோது நிலை வேறானது. "எங்கிருந்து வருகிறாய்?" என்று தோழர்கள் கேட்டனர். "சொல்ல மாட்டேன்" என்றான். "எதற்காக வந்தாய்?" "சொல்ல மாட்டேன்." மூன்றாம் வினாவிற்குள் கேட்பவர்களுக்கு ஆர்வம் குன்றியது, அவனுக்கோ சொல் வறண்டது. இரண்டே நிமிடங்களில் காட்சி முடிந்தது. தன் இருக்கைக்குத் திரும்பியவன், "ஐயா, அவன் யார் என்று எனக்கே தெரியவில்லை" என்றான். இப்பாடம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

நான் பிறந்த ஊர் செய்யாற்றுக்கு அருகில் உள்ளது. அப்பகுதியில் திரௌபதி அம்மன் கோவில் விழா நாள்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவு முழுவதும் தெருக்கூத்து நடைபெறும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெருங்கலைஞர்களை நாட்டுக்குத் தந்த மண் அது. கூத்தில் ஒரு பாத்திரம் நேராக வந்து மேடையில் நின்றுவிடுவதில்லை. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கை கட்டிய பாதங்கள் தெரியும். முகம் தெரியாது. மத்தளமும் முகவீணையும் முழங்க, உள்ளே நிற்பவர் பாடுவார். சிறுவனாக இருந்த நான் உறக்கத்தை உதறிவிட்டு எழுந்து உட்காரும் நேரம் அது. பின்னர்க் கட்டியங்காரன் திரையின் பக்கம் திரும்பி, வந்திருப்பது யார், எந்த நாடு, யாருடைய மகன், எதற்காக இங்கே வருகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். திரைக்குப் பின்னால் இருப்பவர் எல்லா வினாக்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

கட்டியங்காரன் கேட்கும் அந்த வினாக்களே பாத்திரக் குறிப்பின் தலைப்புகள். பெயர், ஊர், குலம், வந்த காரணம் ஆகியவற்றைத் தாளில் எழுதாமலேயே கூத்துக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மனத்தில் வைத்திருக்கிறார்கள். கூத்தில் பாத்திரம் தன்னைப் பற்றித் தானே பாடும்போது பல இடங்களில் 'நான் வந்தேன்' என்னாமல், 'அவர் வந்தார்' என்பதுபோலப் படர்க்கையில் பாடும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்த மூன்று இடங்களும் இங்கே உயிர்பெற்று நடமாடுகின்றன. உங்கள் குறிப்பையும் முதலில் படர்க்கையில் எழுதுங்கள். நடிக்கும்போது தன்மைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் திரையின் அருகிலேயே சொல்லிவிட்டால் புதிர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. அதற்கு விடை காண, பாரதக் கதையில் விராட பருவத்திற்குச் செல்வோம்.

பாண்டவர்கள் 12 ஆண்டுகள் காட்டில் வாழ்ந்தபின், 13ஆம் ஆண்டை யாரும் அறியாதவாறு கழிக்க வேண்டும். இடையில் அடையாளம் வெளிப்பட்டால் மீண்டும் 12 ஆண்டுகள் காடு. ஆகவே படைக்கலங்களை வன்னி மரத்தில் மறைத்துவிட்டு, மச்ச நாட்டு மன்னன் விராடனின் அரண்மனைக்குத் தனித்தனியே சென்று வேலை கேட்கிறார்கள். அவர்கள் புனைந்துகொண்ட வேடங்களை உற்று நோக்குங்கள். தருமர் கங்கன் என்ற பெயருடன் மன்னனோடு சூதாடும் துணைவரானார். வீமன் பல்லவன் என்ற சமையற்காரனானான். அருச்சுனன் பிருகன்னளை என்ற பெயரில் இளவரசி உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பித்தான். நகுலன் குதிரை லாயத்திற்கும் சகாதேவன் பசுக்கொட்டிலுக்கும் சென்றார்கள். திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் அரசிக்குக் கூந்தல் முடிக்கும் பணிப்பெண்ணானாள்.

இவற்றுள் எதுவும் வெறும் பொய் அன்று. சூதாட்டம் தருமரின் வாழ்வைக் கெடுத்த பழக்கம். உணவு வீமனின் விருப்பம். ஆடற்கலை அருச்சுனன் முறையாகக் கற்றுத் தேர்ந்தது. நகுலன் குதிரைகளையும் சகாதேவன் பசுக்களையும் உண்மையாகவே நன்கு அறிந்தவர்கள். தங்களிடம் இருந்த ஒன்றை எடுத்து, அதற்குப் பின்னால் மற்றவற்றை மறைத்துக்கொண்டார்கள். முன்பு எங்கே வேலை செய்தாய் என்ற கேள்விக்குச் சைரந்திரி என்ன சொன்னாள் தெரியுமா? திரௌபதியிடம் பணிபுரிந்தேன் என்றாள்! அந்த விடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது. அதில் பொய் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வில்லின் நாண் உராய்ந்து உராய்ந்து அருச்சுனனின் இரு கைகளிலும் தழும்பு ஏறியிருந்தது. ஆடலாசிரியையின் கையில் வில்லாளனின் தழும்பு இருக்கலாமா? அதனை மறைக்கவே அவன் வளையல்களை அடுக்கி அணிந்தான். புதிரான பாத்திரத்திற்கு இப்படி ஒரு தழும்பு வேண்டும். அதை மூட ஒரு வளையலும் வேண்டும். பார்ப்பவர் வளையலைக் காண்பார். எழுதுபவர் தழும்பை அறிந்திருக்க வேண்டும். இவையும் போதாவென்று ஐவரும் தமக்குள் மட்டும் அழைத்துக்கொள்ள ஜயன், ஜயந்தன், விஜயன், ஜயத்சேனன், ஜயத்பலன் என்று தனிப்பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். உலகுக்கு ஒரு பெயர், அரண்மனைக்கு ஒரு பெயர், தமக்குள் ஒரு பெயர்!

கூத்து பார்ப்பவர்களுக்குக் கங்கன் யார் என்பது தெரியும், விராடனுக்குத் தெரியாது. அந்த வேறுபாட்டில்தான் விறுவிறுப்பு பிறக்கிறது. என் மாணவனின் கறுப்பு உடைக்காரனைப் பற்றி வகுப்பிற்கும் தெரியாது, எழுதியவனுக்கும் தெரியாது. எழுதியவரே அறியாததை மறைபொருள் என்று சொல்வதற்கில்லை, அது வெற்றிடம்.

பாண்டவர் கதை உங்கள் பெற்றோரின் ஊரோடு நின்றுவிட்டது என எண்ண வேண்டா. பெங்களூரு நகரத்துப்பேட்டைக்கு அருகில் தர்மராய சுவாமி கோவில் உள்ளது. ஆண்டுதோறும் சைத்திர மாதப் பௌர்ணமி இரவில் அங்கிருந்து கரக ஊர்வலம் புறப்படும். தோட்டத்தொழிலில் பெயர் பெற்றவர்களும், தமிழ் வேர் கொண்டவர்கள் எனப் பலராலும் கருதப்படுபவர்களுமான திகளர் சமூகத்தினர் அதனை நடத்துகின்றனர். கரகம் சுமக்கும் ஆண்மகன் பெண்கோலம் பூண்டு வருவார். மல்லிகையால் கோபுரம்போல அலங்கரிக்கப்பட்ட கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கிச் செல்வார். வாளேந்திய வீரகுமாரர்கள் உடன் செல்வார்கள். ஊர்வலம் காட்டன்பேட்டையில் உள்ள மஸ்தான் சாகிப் தர்காவிற்கும் சென்று வரும். கரகம் சுமப்பவரின் பெயர் ஊருக்கே தெரியும். எனினும் அன்றிரவு மக்கள் அவரிடம் திரௌபதியையே காண்கிறார்கள். கரகத்தின் உள்ளே இருப்பது என்ன என்பதோ பிறருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆளை மறைக்காமல், அவர் சுமக்கும் பொருளை மட்டும் மறைத்தாலும் புதிர் உண்டாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போது நாமே ஒரு குறிப்பை எழுதிப் பார்ப்போம். இடம், நீங்கள் அனைவரும் ஒருமுறையேனும் சென்றிருக்கும் கிருஷ்ணராஜ மார்க்கெட். நேரம், விடியற்காலை.

"சந்தையில் அவரை எல்லோரும் 'ஹூவின அஜ்ஜி' என்றே அழைக்கிறார்கள். சொந்தப் பெயர் வள்ளியம்மை. வயது 64. ஊர் எது என்று கேட்டால் 'இங்கேதான், பக்கத்தில்' என்பார். உண்மையில் கிருஷ்ணகிரியைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 40 ஆண்டுகளுக்கு முன் வந்தவர். வாடிக்கையாளரிடம் மொளா, மாரு என்று கன்னடத்தில் பூவை அளந்து கொடுப்பார். பணத்தை எண்ணும்போது மட்டும் உதடுகள் தமிழில் அசையும். நாள்தோறும் முதலில் கட்டும் ஒரு முழப் பூவை எவருக்கும் விற்பதில்லை. வாழையிலையில் சுற்றி ஓரமாக வைப்பார். சற்று நேரத்தில் அது அங்கே இருக்காது."

இதுவரை பிறர் காண்பவை. கீழே வருவன நடிப்பவருக்கு மட்டும் உரியவை.

"அந்த முழப் பூவை அவருடைய ஊர் வழியாகச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் பெற்றுச் சென்று, நிறுத்தத்தின் அருகிலுள்ள அம்மன் கோவிலில் சேர்க்கிறார். வீட்டுப் பங்கு குறித்து அண்ணனோடு பிணங்கி ஊரை விட்டு வந்தவர் வள்ளியம்மை. தாம் போவதில்லை, பூ மட்டும் போகிறது. 'உங்கள் அண்ணன் நலமா?' என்று யாரேனும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்."

இரண்டாம் பகுதியைப் படித்தவருக்கு 'சொல்ல மாட்டேன்' என்ற விடையே தேவைப்படாது. "இந்தப் பூ என்ன விலை, பாட்டி?" என்ற எளிய கேள்விக்கே அவர் கை ஒரு கணம் தயங்கும். "அது நேற்றைய பூ, கண்ணு. புதிதாகத் தருகிறேன்" என்பார். பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். மறைப்பதற்கு ஒரு காரணமும், காட்டிக்கொடுக்க ஒரு சிறு பழக்கமும் இருந்தால் போதும். கறுப்பு உடை வேண்டியதில்லை.

முதலில் சொன்ன மாணவன் ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதிவந்தான். இம்முறை பாத்திரம் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. எல்லோரும் அவரை ராஜு என்பார்கள், முழுப்பெயர் இராசேந்திரன். வாயிலில் இந்தி பேசுவார். எதிர்க்கடையில் கன்னடம் பேசுவார். மாலையில் தொலைபேசி ஒலித்தால் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் சென்றுவிடுவார். அழைப்பது அவருடைய தாய். 'ஏன் மறைக்கிறார்?' என்ற தலைப்பின்கீழ் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்திருந்தான்.

நடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "தொலைபேசியில் யார், அண்ணா?"

"நண்பர்."

"அப்படியென்றால் ஏன் அங்கே போய்ப் பேசுகிறீர்கள்?"

அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்கே இரைச்சலாக இருக்கிறது" என்றான். வகுப்பில் அப்போது இரைச்சலே இல்லை. விளையாட்டுத் திடலில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் தாங்களும் சற்றுத் தள்ளிச் சென்று பேசியவர்கள் பலர் அவ்வகுப்பில் இருந்தனர். அடிக்கப்பட்டிருந்த அந்த இரு வரிகளை நான் திருத்தவில்லை. என்ன எழுதியிருந்தாய் என்றும் கேட்கவில்லை. முழு மதிப்பெண் இட்டுத் தாளைத் திருப்பித் தந்தேன்.

சொற்பொருள்

குன்றியது – குறைந்தது. புனைதல் – அணிதல், படைத்தல். லாயம் – குதிரை கட்டுமிடம். பிணங்கி – மனம் வேறுபட்டு. மறைபொருள் – மறைத்து வைக்கப்பட்ட செய்தி.

பயிற்சி

அ. வள்ளியம்மையின் குறிப்பிலிருந்து அவருடைய 'தழும்பு' எது, 'வளையல்' எது என்று எடுத்து எழுதுக.

ஆ. "தாம் போவதில்லை, பூ மட்டும் போகிறது." இத்தொடரை வள்ளியம்மையே சொல்வதாகத் தன்மையில் மாற்றி எழுதுக. மாற்றும்போது எந்தெந்தச் சொற்கள் மாறுகின்றன?

இ. பேருந்து நிறுத்தத்திலோ மெட்ரோ நிலையத்திலோ நீங்கள் நாள்தோறும் காணும், ஆனால் பேசியறியாத ஒருவரைப் போன்ற பாத்திரத்தைக் கற்பனை செய்க. அவருடைய உண்மையான பெயரும் விவரமும் வேண்டா. பிறர் காண்பதை ஐந்து வரிகளிலும், நடிப்பவர் மட்டும் அறிய வேண்டியதை ஐந்து வரிகளிலும் எழுதுக. இரண்டாம் பகுதி பிறர் கண்ணில் படாதவாறு தாளை மடித்து ஒப்படைக்கவும். அடுத்த வகுப்பில் இருவர் போர்வை ஒன்றைத் திரையாகப் பிடிப்பார்கள். கட்டியங்காரனாக நான் வினவுவேன்.