முதுமகளிர் ஓட்டம்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பரந்து கிடக்கிறது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. அதன் உப்பங்கழிகளில் இருளர் மகளிர், பனையோலையால் முடைந்த பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிப்பர். நரைத்த தலையினரும் அவர்களுள் உண்டு. நீரிலும் சேற்றிலும் நின்று பாடுபடும் அம்மூதாட்டியரைப் பார்த்து, ‘உம் உடலில் வலிவில்லை’ என்று கூற எவருக்கேனும் நா எழுமோ? ஆயினும் அவர்களையோ, நம் இல்லத்துப் பாட்டிமாரையோ, ‘சற்றே ஓடிப் பாருங்கள்’ என்று நாம் அழைப்பதில்லை. முதுமை எய்திய மகளிர் எத்துணை விரைவாக ஓட இயலும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓட்டப் போட்டிகளைப் பொதுவாக மூவகையாகப் பகுப்பர். 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் குறுந்தொலைவின. 800, 1500 மீட்டர் ஓட்டங்கள் நடுத்தொலைவின. 5000, 10000 மீட்டர் ஓட்டங்கள் நெடுந்தொலைவின. ஓடுதளத்தை ஒருமுறை சுற்றினால் 400 மீட்டர் ஆகும். ஆகவே 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. குறுந்தொலைவிற்கு விரைவு வேண்டும். நெடுந்தொலைவிற்குத் தாங்கும் ஆற்றல் வேண்டும். நடுத்தொலைவிற்கோ இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். ஆதலின் இதனைக் கடுமையான ஓட்டம் என்று வல்லுநர் கூறுவர்.

இக்கடுமையே மகளிர்க்கு ஒரு தடையாகவும் காட்டப்பட்டது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர்க்கு 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக வைக்கப்பட்டது. ஜெர்மனி நாட்டு லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி வென்றார். ஆனால், ஓடியவர் பலர் சோர்ந்து வீழ்ந்தனர் எனச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. கடும்போட்டியில் ஓடிய ஆடவரும் களைத்து வீழ்தல் உண்டு என்பதை அவை எண்ணிப் பார்க்கவில்லை. அதன் விளைவாக மகளிர் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக் நிரலினின்றும் நீக்கப்பட்டது. மீண்டும் அஃது இடம்பெற்றது 1960ஆம் ஆண்டு ரோம் நகரிலேயே ஆகும். 32 ஆண்டுகள் மகளிர்க்கு அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. இளம்பெண்டிர்க்கே இந்நிலையாயின், முதுமகளிர் ஓடுவதைப் பற்றி எவர் எண்ணியிருப்பர்?

முதுமை உடலில் மாறுதல் செய்வது உண்மையே. ஆண்டுகள் ஏற ஏற, இதயம் மிக விரைந்து துடிக்கும் எல்லை குறைகின்றது. உடல் ஏற்றுப் பயன்படுத்தும் உயிர்வளியின் அளவு, முப்பது வயதிற்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்துவருகின்றது. விரைந்து சுருங்கும் தசைநார்கள் மெலிகின்றன. மாதவிடாய் நின்றபின் மகளிர்க்கு எலும்பின் திண்மையும் விரைந்து குறையும். ஆயினும், விடாது பயில்வோர்க்கு இத்தேய்வு மெல்ல நிகழ்கின்றது. முதுமை விரைவைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்கின்றதேயன்றி, ஒருங்கே பறித்துக் கொள்வதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், ரஷிய நாட்டு எக்கத்தெரீனா பொத்கொப்பாயெவா என்னும் அம்மையாரைக் கூறலாம். 1994ஆம் ஆண்டு, தம் 42ஆம் வயதில், அவர் 800 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 59.25 விநாடியில் ஓடினார். 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் தங்கப் பதக்கம் பெற்ற லுத்மீலா ஷெவ்த்சோவா ஓடிய காலம் 2 நிமிடம் 4.3 விநாடி. அக்காலத்து ஓடுதளம் இக்காலத்ததைப் போல் செப்பமானதன்று. அதையும் நாம் கருத வேண்டும். எனினும், முந்தைய தலைமுறையின் ஒலிம்பிக் வெற்றியாளரினும் 42 வயதினர் ஒருவர் 5 விநாடி விரைவாக ஓடினார் என்பது வியப்பன்றோ? 1997ஆம் ஆண்டு, 44 வயதில், பாரிஸ் நகரில் நடைபெற்ற உலக உள்ளரங்கப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்திலும் அவரே முதலிடம் பெற்றார்.

நம் நாட்டின் நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். இந்திய மகளிருள் 800 மீட்டரை முதன்முதலில் 2 நிமிடத்திற்குள் ஓடியவர் ஷைனி வில்சன். 1995ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், 1 நிமிடம் 59.85 விநாடியில் அவர் அவ்வெற்றியை எய்தினார். அப்பொழுது அவர்க்கு வயது 30, தாயாகவும் இருந்தார். பின்னர் 2010ஆம் ஆண்டில், 21 வயதினரான டின்டு லூகா 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடிப் புதிய இந்தியச் சாதனை நிறுவினார். 42 வயது அம்மையாரின் காலத்திற்கும் இவ்விளம்பெண்ணின் காலத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

எழுபது வயதினர் நிலை யாது? அமெரிக்க நாட்டு ஜீன் டாப்ரானோ அம்மையார், 2007ஆம் ஆண்டு, தம் 70ஆம் வயதில் ஒரு மைல் தொலைவை 6 நிமிடம் 47.91 விநாடியில் ஓடி முடித்தார். ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1609 மீட்டர். எனவே அவர் ஒவ்வொரு சுற்றையும் ஏறத்தாழ 101 விநாடியில் கடந்துள்ளார். இயல்பாக நடப்பவர் ஒரு மைல் செல்ல ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். மாணவர்களே, நீங்களும் உங்கள் பள்ளித் திடலில் ஓடிப் பார்த்து, உங்கள் காலத்தை அவ்வம்மையார் காலத்தோடு ஒப்பிடுங்கள்.

இத்தகையோர் மேலைநாடுகளில் மட்டுமே உளர் என்று கருதுதல் தவறு. ஈழத்து முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் போட்டியில் கலந்துகொண்டார். அப்பொழுது அவர்க்கு வயது 72. 1500 மீட்டர் ஓட்டத்திலும் 5000 மீட்டர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கங்களும், 800 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும் பெற்றுத் திரும்பினார். போரால் நைந்த மண்ணிலிருந்து சென்ற தமிழ் மூதாட்டி ஒருவரின் வெற்றி இது.

மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் வாழ்ந்த லதா பகவான் கரே அம்மையாரின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. கணவர் நோயுற்றார்; மருத்துவச் சோதனைக்குக் கையில் பொருள் இல்லை. முதியோர்க்கு 3 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடக்கிறது என்றும், வெல்வோர்க்குப் பரிசுப் பணம் உண்டு என்றும் அவர் கேள்வியுற்றார். அறுபதைக் கடந்த அவ்வம்மையார், 2013ஆம் ஆண்டளவில், சேலை உடுத்து, வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பெற்றார். அவர் வாழ்க்கை பின்னர்த் திரைப்படமாகவும் வந்தது. வறுமை அவரை ஓடச் செய்தது. ஆனால் ஓடும் ஆற்றல், ஆண்டாண்டாக உழைத்த அவர் உடலில் முன்னமே இருந்தது.

முதியோர் போட்டிகளில் மகளிர் 35 வயது முதல், ஐந்தைந்து ஆண்டுகளாக வகுக்கப்பட்டு, ஒத்த வயதினரோடு ஓடுவர். முதலாம் உலக முதியோர் தடகளப் போட்டி 1975ஆம் ஆண்டு டொரான்டோ நகரில் நடைபெற்றது. புதிதாகப் பயிலப் புகுவோர் முதலில் மருத்துவரைக் கலந்து கொள்ளல் வேண்டும். நடையில் தொடங்கி, நடையும் ஓட்டமும் மாறிமாறிப் பழகி, பல திங்கள் கழிந்தபின்னரே விரைவை மிகுத்தல் நன்று. இளையோரினும் முதியோர்க்கு ஓய்வு மிகுதியாக வேண்டும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ தோன்றின், ஓட்டத்தை உடனே நிறுத்துதல் அறிவுடைமையாகும்.

முதுமகளிரை மதித்தல் நம் மரபு. அவர்களை இருக்கையில் அமர்த்தி வணங்குவது மட்டும் மதிப்பாகாது. எழுந்து நடக்கவும் ஓடவும் விரும்புவார்க்கு இடமும் துணையும் அளிப்பதும் மதிப்பே. காலையில் பள்ளித் திடல்கள் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும்; ‘இவ்வயதில் இது தகுமோ?’ என்னும் ஏளனச் சொல் ஒழியட்டும். எத்துணை விரைவாக ஓட இயலும் என்னும் வினாவிற்கு நம் பாட்டிமார் தம் கால்களாலேயே விடை கூறுவர்.