பதினாலாயிரம் மைல் ஜட்ஜ்

1969 மாடல் பான்டியாக் காரின் ஓடோமீட்டரில் மைலைக் காட்ட ஐந்து இலக்கம்தான் உண்டு. 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதனால் டேஷ்போர்டில் 14 ஆயிரத்துச் சொச்சம் என்று நின்றால், வண்டி அவ்வளவுதான் ஓடியது என்றும் சொல்லலாம், லட்சத்துப் பதினாலாயிரம் ஓடியது என்றும் சொல்லலாம். ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பதை அமெரிக்காவில் மத்தியச் சட்டம் தடைசெய்ததே 1972-ல்தான். உரிமைப் பத்திரத்தைப் பார்த்தும் பயனில்லை. இவ்வளவு பழைய வண்டிக்கு ஓடிய தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆக, "குறைவாக ஓடிய வண்டி" என்பதை அந்த ஐந்து எண்களை விட்டுவிட்டு வேறு எங்காவதுதான் நிரூபிக்க வேண்டும்.

நான் டெட்ராய்ட் பக்கத்தில் கார் உதிரிபாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ரிட்டையரான அமெரிக்கர் ஒருவர், தன் அக்கா வீட்டு கராஜில் ஒரு ஜி.டி.ஓ. ஜட்ஜ் கிடக்கிறது, அக்கா வீட்டுக்காரர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை, வந்து பார்த்து ஒரு ஃபைல் போட்டுக் கொடு என்றார். தரப் பரிசோதனைக்காரனுக்கு ஃபைல் போடுவதைவிட வேறென்ன தெரியும்?

என்ன கார் என்று சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விதி வைத்திருந்தது. 1964-ல் அதன் பான்டியாக் பிரிவு, 389 கன அங்குல வி8 இன்ஜினைத் தனி மாடலாக இல்லாமல் கூடுதல் ஆப்ஷனாக டெம்பெஸ்ட் காரில் ஏற்றி, அந்த விதியை ஒதுக்கிவிட்டது. அதுதான் ஜி.டி.ஓ. மஸில் கார் என்ற மோகம் நாட்டையே பிடித்தது அதற்குப் பிறகுதான். 1969-ல் அதே காருக்கு 400 கன அங்குல ராம் ஏர் இன்ஜின், பின்னால் ஒரு இறக்கை, பக்கவாட்டில் கோடு, கேலியான ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 332 டாலருக்கு ஒரு பேக்கேஜ் விற்றார்கள். அதன் பெயர் ஜட்ஜ். அப்போது டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காமெடி வசனத்திலிருந்து எடுத்த பெயர்.

வண்டி எண் 242 என்று ஆரம்பித்தால் அது ஜி.டி.ஓ. என்பது உறுதி. ஜட்ஜா என்பதை அந்த எண் சொல்லாது. சாதாரண ஜி.டி.ஓ.வில் இறக்கையும் ஸ்டிக்கரும் ஒட்டி ஜட்ஜாக்கியவர்கள் ஏராளம். விலை வித்தியாசம் அப்படி.

நான் போனபோது, நண்பரின் அக்காவான அந்த அம்மாவின் மகன் தண்ணீர்க் குழாயும் ஷாம்பூவுமாகத் தயாராக நின்றார். விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டுவது மாதிரி நல்லெண்ணம்தான். கெஞ்சி நிறுத்தினேன். பானட் மேல் தூசி ஒரே கனத்தில் படிந்திருந்தது. கூரை மேல் அட்டைப்பெட்டிகள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாகச் சிவந்து தெரிந்தது. வண்டி பல வருடம் நகராமல் நின்றதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. குழாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அதனால் முதலில் தூரத்திலிருந்து நான்கு மூலைகளையும், பிறகு ஒவ்வொரு பக்கத்தையும், பிறகு தரையோடு தரையாகப் படுத்து டயர் தட்டையாகிப்போன இடத்தையும் படம் எடுத்தேன். கதவைத் திறந்தது அதற்கப்புறம்தான்.

உள்ளே எலி. அமெரிக்கக் கராஜ்களில் இது சாதாரண விஷயமில்லை. இங்குள்ள ஒருவகைக் காட்டெலியின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். புளோயர் வைத்து ஊதுவதோ துடைப்பம் போட்டுப் பெருக்குவதோ கூடவே கூடாது. மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து ஈரப்படுத்தித்தான் அள்ள வேண்டும். அப்படி அள்ளும்போதும் கூட்டைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேய்மானத்தைப் பார்ப்பதில் பலரும் முதலில் பெடல் ரப்பரைப் பார்ப்பார்கள். அது சில டாலருக்குக் கிடைக்கிற பொருள், யாரும் மாற்றிவிடலாம். டிரைவர் பக்கக் கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு கதவு மட்டுமே உள்ள இந்தக் கார்களில் கதவு நீளம், கனம் அதிகம். லட்சம் மைல் ஓடிய வண்டியில் கீல் தேய்ந்து கதவு ஆடும். இதில் அசையவில்லை. கதவை மூடும்போது கடைசியில் தூக்கி உட்காரவும் இல்லை, நேராகப் போய்ப் பொருந்தியது. பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி எல்லா இரும்புத் தகட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியது. முன் பம்பரில் மட்டும் அது வேலை செய்யாது. அது என்டுரா என்ற ரப்பர் போன்ற பொருளால் மூடியது.

அடுத்தது தேதிகள். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார் முழுக்கத் தேதி ஒளிந்திருக்கும். ஃபயர்வாலில் உள்ள தகட்டில் 03பி என்றிருந்தால் மார்ச் இரண்டாம் வாரம் கட்டிய பாடி. இன்ஜின் பிளாக்கில், டிஸ்ட்ரிபியூட்டர் அருகே, வார்த்த தேதி: பி179 என்றால் 1969 பிப்ரவரி 17. குவாட்ராஜெட் கார்புரேட்டரில் 0639 என்றால் அந்த ஆண்டின் 63-வது நாள். ஸ்பார்க் பிளக் ஒயரில் எந்தக் காலாண்டு என்று அச்சிட்டிருக்கும், சீட் பெல்ட் துணிச்சீட்டில் எந்த வாரம் என்று இருக்கும். எல்லாமே பாடித் தேதிக்குச் சில நாளோ சில வாரமோ முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அந்தப் பாகம் மாற்றியது. ரொம்ப முந்தியிருந்தாலும் சந்தேகம்தான். பிளாக்கின் முன்புறம் பொறித்திருக்கும் எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். அந்த இடத்தில் கம்பி பிரஷ் போடவே கூடாது. கிரீஸ் கரைப்பானும் பழைய டூத் பிரஷும் போதும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எண்ணும் படத்தில் எழுந்து நிற்கும்.

எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. கிளட்ச் தேய்ந்து தீர்ந்துபோயிருந்தது. பதினாலாயிரம் மைலில் கிளட்ச் தீருமா? இங்கேதான் ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டதோ என்று எனக்கு உறைத்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டெட்ராய்டிலிருந்து பான்டியாக் ஊர் வரை போகிற உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட காலம் அது. கணவர் பந்தயம் விட்டதெல்லாம் அந்தச் சாலையில்தானாம், இவர் பக்கத்து சீட்டில். குறைவாக ஓடிய மஸில் கார் என்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த வண்டி என்று நினைப்பது அப்பாவித்தனம். கால் கால் மைலாக ஓடிய தூரம் இது. கிளட்ச் தீர்ந்ததும், 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசை நின்றதும், குழந்தைகள் பிறந்ததும் ஒன்றுசேர, வண்டி கராஜுக்குள் போனது, வெளியே வரவில்லை. ஏன் ஓட்டவில்லை என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் இல்லாத வண்டியை நான் நம்பமாட்டேன். இந்தப் பதிலை அவர் அனுமதியோடு செல்போனில் பதிவுசெய்து ஃபைலில் சேர்த்தேன்.

கதவுச் சட்டத்தில் ஆயில் மாற்றிய கடைகளின் ஸ்டிக்கர் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. தேதியும் மைலும் பேனாவில் எழுதியவை. வரிசையாக ஏறிக்கொண்டே போய்ப் பதின்மூவாயிரத்துச் சொச்சத்தில் நின்றன. இந்த மாதிரி அற்பக் காகிதம் நூறு நிபுணர் பேச்சுக்குச் சமம்.

காகிதத்தில் பெரியது பில்ட் ஷீட். எந்தக் காருக்கு எந்தப் பாகம் என்று தொழிற்சாலையில் வரிசைக்கு வரிசை பார்த்த தாள். வேலை முடிந்ததும் சீட் ஸ்பிரிங்கில், கார்ப்பெட் அடியில், பெட்ரோல் டேங்க் மேல் என்று செருகிவிடுவார்கள். மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை டிக்கிக்குக் கீழே விட்டுப் பார்த்தால் டேங்க் மேல் ஒன்றுமில்லை. பின்சீட்டைத் தூக்கினோம். தாளில் பாதி ஸ்பிரிங்கில் ஒட்டியிருந்தது. மீதி எலிக்கூட்டில் துண்டு துண்டாக. கூட்டைக் கொட்ட வேண்டாம் என்றது இதற்குத்தான். துரு ஏறிய தாள் அப்பளமாக நொறுங்கும். விரிக்கப் பார்க்காமல் கண்ட நிலையிலேயே அட்டையில் ஏற்றிப் படமெடுத்து, தட்டையாகக் கவரில் வைத்தேன்.

ஜட்ஜா இல்லையா என்ற கேள்வியைத் தீர்த்தது வேறொரு தாள். பான்டியாக் என்ற பிராண்டே 2010-ல் மூடப்பட்டாலும், 1961 முதலான அதன் விற்பனைப் பதிவுகளின் பிரதியை பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் கட்டணத்துக்குத் தருகிறது. டீலருக்குப் போன அந்த பில்லில் டபிள்யூடி1 என்ற குறியீடு இருந்தால் ஜட்ஜ். இருந்தது. அமெரிக்காவில் கட்டிய அந்தக் காலத்து ஷெவ்ரலெட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஷெவெல் எஸ்.எஸ். ஒன்று கிடைத்தால் பில்ட் ஷீட்டைத் தேடி அலைய வேண்டியதுதான்.

ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தார். டேங்கில் இருந்தது வார்னிஷ் நாற்றம் அடிக்கும் திரவம். முதலில் அதை இறக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சாவி அதற்கெல்லாம் பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் "கைம்பெண்ணிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கினேன்" என்று பெருமை பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது திருட்டாகவே படுகிறது. முழு ஃபைலும் அந்த அம்மாவுக்குத்தான் கொடுத்தேன், சந்தை நிலவரத்தையும் சொன்னேன். வண்டி எண் முழுதும் தெரிகிற படத்தையும் வீட்டு வாசல் தெரிகிற படத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

விற்பதில்லை, ஓட்டுவது என்று குடும்பம் முடிவெடுத்தது. பழைய குட்இயர் பாலிகிளாஸ் டயர்களில் யாரும் ரோட்டில் போகக் கூடாது என்பதால் அவற்றைக் கழற்றி, எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சீட்டுக் கட்டி, அலமாரியில் அடுக்கியாயிற்று. கிளட்ச் பிளேட்டைத் தூக்கி எறிய மெக்கானிக் கை ஓங்கினார். அதற்கும் ஒரு சீட்டு: தேதி, அன்றைய ஓடோமீட்டர் எண், "உட்வர்டில் தேய்ந்தது". கடைசி வரியை எழுதச் சொன்னது அந்த அம்மா.