தொண்டையில் இட்ட துளையும் தேறிவரும் உயிரும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, ஒரு வாரமாக நினைவின்றிக் கிடக்கும் ஒருவரின் உறவினரை மருத்துவர் அழைத்து, "கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். அக்கணமே வீட்டாருக்குப் பாதி நம்பிக்கை போய்விடுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் "தொண்டையிலே ஓட்டை போட்டுட்டாங்களாம்" என்று சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு எதுவும் விசாரிப்பதில்லை. ஆள் இனித் தேறமாட்டார் என்றே பொருள் கொள்வர். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. ஆகவே இந்த அச்சம் எந்த அளவு சரியானது என்று பார்ப்பது வீண் வேலையன்று.

மூச்சுக்குழலைப் பற்றி விலங்கியல் மாணவர்கட்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. குரல்வளைக்குக் கீழே ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளம், 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள். அவை முழு வட்டங்கள் அல்ல. பின்புறம் திறந்து, குதிரை லாடம் போல் இருப்பவை. பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழல் செல்கிறது. பொதுவாக இரண்டாம், மூன்றாம் வளையங்களை ஒட்டி முன்புறமாகத் துளையிட்டு, வளைந்த குழாய் ஒன்றை உள்ளே செலுத்துவதே டிரக்கியாஸ்டமி. கரப்பான் பூச்சிக்கு உடலின் இருமருங்கிலும் பத்து இணை மூச்சுத்துளைகள் உண்டென்று படித்திருக்கிறோம். மனிதனுக்கு மருத்துவர் ஒன்றே ஒன்று தருகிறார், அவ்வளவே!

துளை குரல் நாண்களுக்குக் கீழே அமைகிறது. மூச்சு நாண்களைத் தொடாமலே வெளியேறுவதால் நோயாளியால் பேச முடிவதில்லை. குரலே போய்விட்டது என்று வீட்டார் கலங்குவது இதனால்தான். நாண்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன. நோயாளி ஓரளவு தேறியபின், குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையைத் தளர்த்தி, ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தினால் பலரால் பேச முடியும்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? ஒரு மூச்சில் நாம் இழுக்கும் 500 மி.லி. காற்றில் சுமார் 150 மி.லி. நுரையீரலின் சிற்றறைகளை எட்டாமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. துளை இந்த வீண் இடத்தைக் குறைக்கிறது என்று பாடநூல்கள் பெரிதாகச் சொல்லும். ஆனால் அடிபட்டவருக்கு முன்பே வாய்வழிக் குழாய் இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்வதால் இந்தக் கணக்கில் புதிதாகக் கிடைப்பது சொற்பம். உண்மையான பயன் வேறு. வாயில் குழாய் இருந்தால் நோயாளி அதைப் பொறுக்கமாட்டார். மயக்க மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்துக் குழாய்க்கு அம்மருந்து குறைவாகவே போதும். வாயைத் துடைக்கலாம், சளியை எளிதில் உறிஞ்சலாம், ஆளை எழுப்பி உட்கார வைக்கலாம், வென்டிலேட்டரிலிருந்து சிறிது சிறிதாக விடுவித்துப் பார்க்கலாம்.

இம்முறை பழமையானது. இத்தாலிய மருத்துவர் பிராசவோலா 1546இல் இதைச் செய்து ஒருவரைக் காப்பாற்றினார். 1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைத்து இறந்துகொண்டிருந்தபோது, இளைய மருத்துவர் ஒருவர் இதைச் செய்யலாம் என்றார், மூத்தவர்கள் இசையவில்லை. ஆனால் மாணவர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஆண்டு 1952. கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோய் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திரத்தில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் வழியே ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டினார். அவள் பிழைத்தாள். அத்தனை பேருக்கும் பை அழுத்த ஆள் வேண்டுமே! சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் நோயாளியின் அருகமர்ந்து அழுத்தினார்கள். நம் வயதுடையவர்கள்தாம். இறப்பு நூற்றுக்கு 87 என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அந்த வார்டிலேதான்.

இனி அடிபட்டவர்களைப் பார்ப்போம். நினைவு நிலையை அளக்க 1974இல் வந்த கிளாஸ்கோ அளவையில் 3 முதல் 15 வரை மதிப்பெண் உண்டு. 8க்கு மேற்படாதவர் கடுமையான தலைக்காயம் பட்டவர். கழுத்துத் தண்டுவடம் மேற்பகுதியில் அறுபட்டால், மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து உதரவிதானத்துக்குச் செல்லும் ஆணை நின்றுபோகும். விலா எலும்புகள் பல நொறுங்கியவர்கள் இன்னொரு வகையினர். இவர்களுக்கு எப்போது துளையிடுவது என்பதில்தான் வழக்கு.

இங்கே புள்ளியியல் நம்மை இருவழியில் ஏமாற்றும். பத்தாம் நாள் துளையிடப்பட வேண்டுமானால் ஒருவர் பத்து நாள் உயிரோடிருக்க வேண்டும். மூன்றாம் நாளே இறந்தவர் "துளையிடாதவர்" பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். ஆகவே துளையிட்டவர் கூட்டம் நன்றாகப் பிழைப்பதுபோல் கணக்கு வரும். மறுபுறம், துளையிட்டவர்கள் மருத்துவமனையில் நெடுநாள் கிடக்கிறார்கள், பலர் படுக்கையாகிறார்கள். அது துளையின் குற்றமன்று, காயத்தின் கடுமை. குடை பிடிப்பதால் மழை பெய்கிறது என்பாருண்டோ? எங்கள் ஊர் அச்சம் இந்த இரண்டாம் வகைத் தவறே.

இதற்கு மாற்று, சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடுவது. 2004இல் 120 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு நாள்களுக்குள் துளையிடப்பட்டோரில் 31.7 விழுக்காடும், தாமதமாகத் துளையிடப்பட்டோரில் 61.7 விழுக்காடும் இறந்தனர். எல்லோரும் வியந்தார்கள். 2013இல் பிரிட்டனில் 909 பேரை ஆராய்ந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. நான்கு நாள்களுக்குள் என்ற பிரிவில் 30 நாள் இறப்பு 30.8 விழுக்காடு; பத்து நாள் பொறுத்திருந்த பிரிவில் 31.5. வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, பொறுத்திருந்தவர்களில் 44.9 விழுக்காட்டினருக்கே கடைசியில் துளை போடப்பட்டது என்பது. மற்றவர்களில் பெரும்பாலோர்க்கு அதன் தேவையே எழவில்லை. எனினும் இவ்விரு ஆய்வுகளிலும் இருந்தோர் பெரும்பாலும் அடிபட்டவர்கள் அல்லர். அப்படியே பொருத்திவிடக் கூடாது. தலைக்காயத்தில் விரைந்து துளையிட்டால் வென்டிலேட்டர் நாள்கள் குறைகின்றன, ஆனால் இறப்பு குறைவதாக உறுதிப்படவில்லை என்பதே பல ஆய்வுகளின் போக்கு. மேற்கழுத்துத் தண்டுவடம் முற்றும் அறுபட்டவர்க்குப் பொறுத்திருந்து பெறப்போவது அதிகமில்லை.

தீங்குகளும் உண்டு. முதல் வாரத்தில் குழாய் நழுவினால் பாதை மூடிக்கொள்ளும். மீண்டும் செலுத்துவது கடினம். காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். மிகுந்தால் குழலின் உட்சுவர் இரத்த ஓட்டமின்றிப் புண்ணாகி, பின்னாளில் சுருங்கும். எல்லாவற்றினும் சாதாரணமானதும் கொடியதும் சளியடைப்பு. மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தந்த பணி நின்றுவிட்டதால் சளி உலர்ந்து குழாயில் பிசினாய் ஒட்டும். மூளைக்காயத்திலிருந்தே மீண்டு வீடு வந்தவர், ஒரு துண்டுச் சளியால் நள்ளிரவில் மூச்சுமுட்டி இறக்க நேரிடலாம். உள்குழாயைக் கழற்றிக் கழுவுவது, காற்றை ஈரப்படுத்துவது, ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேற்படாமல் சளியை உறிஞ்சுவது ஆகியவற்றை வீட்டிலுள்ள ஒருவருக்கேனும், வேண்டுமானால் இருவருக்கு, கையில் கொடுத்துச் செய்யவைத்துப் பழக்காமல் நோயாளியை அனுப்புவது பாதிச் சிகிச்சையே. துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் போதாது. எழுத்தறியாத தாய்மார்தாம் பல வீடுகளில் இரவு விழித்திருப்பவர்கள்.

நோயாளி தானே மூச்சுவிட்டு, சளியை இருமித் தள்ளி, உமிழ்நீரை விழுங்கவும் வல்லவரானால், குழாயின் வாயை அடைத்துப் பார்த்துப் பின் எடுத்துவிடுவர். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. துணிக்கட்டின் கீழ்த் துளை சில நாள்களில், சிலருக்குச் சில வாரங்களில், தானே மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் அக்கட்டின்மேல் விரலை அழுத்திக்கொள்ளச் சொல்வார்கள். இல்லையேல் காற்று அவ்வழியே கசிந்து சொல் பாதியில் நின்றுவிடும்.