வண்டியின் பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோவது ஏன்?

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பள்ளி வேன் ஓட்டும் பெரியவர் ஒருவரைச் சில காலத்திற்கு முன் சந்தித்தேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு அழைத்துச் செல்வது அவர் தொழில். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகளை மாற்றிவிட்டதாகவும், மூன்றாவதும் இப்போது தகராறு செய்வதாகவும் அவர் வருந்தினார். எஸ்.பி.எம். தேர்வு நாளன்று வேன் கிளம்பாமல் போக, இரு மாணவிகளைத் தோட்ட நிருவாகி தம் வண்டியில் ஏற்றிச் சென்று உரிய நேரத்தில் சேர்த்தாராம். “பேட்டரி விற்கிறவங்க ஏமாத்துறாங்க சார்” என்றார் பெரியவர்.

“ஐயா, எந்தக் கிழமைகளில் வண்டி கிளம்புவதில்லை?” என்று கேட்டேன். சற்று நேரம் சிந்தித்தவர், “பெரும்பாலும் திங்கட்கிழமைதான்” என்றார். காரணத்தைக் கண்டறிய அந்த ஒரு விடையே வழிகாட்டியது. அது எவ்வாறு என்பதைப் பார்ப்பதற்கு முன், பேட்டரி வேலை செய்யும் முறையை அறிந்துகொள்வோம்.

தொட்டி, ஊற்று, கசிவு

ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னூட்டம் செய்யக்கூடிய மின்கலத்தை 1859-ஆம் ஆண்டில் உருவாக்கியவர், பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே. இன்று நம் வண்டிகளில் இருப்பதும் அதன் வழிவந்ததே. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. ஆகவே முழுமையாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்.

பேட்டரியைத் தோட்டத்து நீர்த்தொட்டிக்கு ஒப்பிடலாம். காலையில் தொட்டி வறண்டு கிடக்கிறதென்றால் அதற்கு மூன்று காரணங்களே இருக்க முடியும். தொட்டியில் விரிசல் இருக்கலாம். தொட்டிக்கு நீர் வந்து சேராமல் இருக்கலாம். அல்லது எங்கோ ஒரு குழாய் இரவெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கலாம். அவ்வாறே, பேட்டரி பழுதாகியிருக்கலாம். அதற்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டர் சரியாக இயங்காமல் இருக்கலாம். அல்லது வண்டி நிற்கும்போதும் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம். குழாய் ஒழுகும்போது புதுத் தொட்டி வாங்கி வைப்பதால் என்ன பயன்? நோயின் மூலத்தை அறிந்து மருந்து கொடு என்ற வள்ளுவர் அறிவுரை வண்டிக்கும் பொருந்தும்.

முதற் சோதனை: பேட்டரி நலமா?

முதலில் கண்ணால் பாருங்கள். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அந்தப் பூச்சு மின்னோட்டத்தைத் தடுக்கும். கம்பிகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, இறுக்கமாகப் பூட்டுங்கள். பல வேளைகளில் இதுவே போதும்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் ஒவ்வோர் அறையிலும் நீர்மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆற்று நீரும் கூடா. அவற்றில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தையும் ஊற்றலாகாது.

அடுத்து, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் முடுக்குவதற்கு முன் அளப்பது நல்லது. 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. அதற்கும் கீழே இறங்கினால் பேட்டரி ஏறத்தாழ வறண்டுவிட்டது எனலாம்.

முழுமையாக மின்னூட்டம் பெற்ற பேட்டரி, வண்டியை முடுக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதன் வலிமை போய்விட்டது என்று பொருள். நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கக்கூடியது. ஆகவே, சில ஆண்டுகள் உழைத்த பேட்டரியானால் அதை மாற்றிவிடுவதே முறை.

இரண்டாம் சோதனை: மின்னூட்டம் வருகிறதா?

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் மீண்டும் அளந்து பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். கணினிக் கட்டுப்பாடு உள்ள சில புதிய வண்டிகளில் இது சற்று ஏறி இறங்கக்கூடும். இயந்திரம் ஓடியும் 12.5 வோல்ட்டைத் தாண்டவில்லையென்றால் மின்னூட்டம் வரவில்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அதுவும் தீங்கே. பேட்டரியின் நீர் வற்றிப்போகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றி, வண்டி நின்றுபோகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. டைனமோ பூட்டிய பழைய வண்டிகளின் காலத்தில் வந்த பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, ஆல்டர்னேட்டரும் வண்டியின் கணினியும் பழுதாகலாம். இந்தப் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் சோதனை: கசிவு உள்ளதா?

பெரியவரின் வேன் முதல் இரண்டு சோதனைகளிலும் தேறியது. மின்னூட்டம் செய்தபின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. இயந்திரம் ஓடும்போது 14.2 வோல்ட் வந்தது. எனவே கசிவைத் தேடினோம். தோட்டத்தில் மின்வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் துணைக்கு வந்தார்.

எல்லா விளக்குகளையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, அரை மணி நேரம் காத்திருந்தோம். பின்னர்ப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை இணைத்தோம். அதன் குமிழ் 10 ஆம்பியர் அளவில் இருந்தது. இந்தச் சோதனையின்போது வண்டியை முடுக்கக் கூடாது. முடுக்கினால் மீட்டர் கெட்டுவிடும்.

கடிகாரம், கணினி முதலியவற்றுக்காக எந்த வண்டியும் சிறிதளவு மின்சாரம் எடுக்கும். 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இருப்பது இயல்பு. வேனில் கண்ட அளவோ 0.6 ஆம்பியர்.

அடுத்து, பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைக் கவனித்தோம். எந்தப் பியூஸைக் கழற்றும்போது அளவு சட்டென்று குறைகிறதோ அந்த இணைப்பில்தான் கசிவு இருக்கும். ஆனால் பியூஸ் பெட்டி முழுவதையும் பார்த்தும் அளவு இறங்கவில்லை. அப்போதுதான் பேட்டரியிலிருந்து நேராகச் செல்லும் தனிக் கம்பி ஒன்று இளைஞரின் கண்ணில் பட்டது. பிள்ளைகள் பாட்டுக் கேட்பதற்காகப் பின்னர்ப் பொருத்திய ஒலிபெருக்கிக் கருவிக்குச் செல்லும் கம்பி அது. அதன் பியூஸைக் கழற்றியதும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. பெரியவர் இருக்கையின் அடியில் கைவைத்துப் பார்த்தார். சாவியை எடுத்து நெடுநேரம் ஆகியும் கருவி வெதுவெதுப்பாக இருந்தது!

திங்கட்கிழமையின் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி. பள்ளி நாள்களில் வேன் பிற்பகல் 2 மணிக்கு நிறுத்தப்பட்டு, மறுநாள் விடியற்காலை 5.30-க்குக் கிளம்பும். இடையே பதினைந்தரை மணி நேரம், 0.6 ஆம்பியர் வீதம் கசிந்தது ஏறத்தாழ 9 ஆம்பியர்-மணி. கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, வண்டி கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகல் நின்ற வேன் திங்கட்கிழமை விடியற்காலை கிளம்ப வேண்டுமானால் இடையே அறுபத்து மூன்றரை மணி நேரம். கசிந்தது 38 ஆம்பியர்-மணி. எஞ்சியது இரண்டே!

பேட்டரியை இவ்வாறு வறளவிட்டால், தகடுகளில் ஈய சல்பேட் கடினமாகப் படிந்துவிடும். மீண்டும் மின்னூட்டம் செய்தாலும் பழைய கொள்ளளவு வாராது. முன்னர் மாற்றிய இரு பேட்டரிகளும் இப்படித்தான் கெட்டன. பேட்டரி கெட்டது உண்மையே. ஆனால் அது காரணம் அன்று, விளைவு. விற்றவர் மீதும் குற்றமில்லை. கருவியின் இணைப்பைச் சாவியோடு சேர்த்து இயங்கும்படி மாற்றியதும் குறை நீங்கியது. மூன்றாவது பேட்டரிக்குப் பதில் வாங்க வைத்திருந்த பணமும் மிஞ்சியது.

பாதுகாப்பு முக்கியம்

மின்னூட்டம் பெறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகே புகைபிடித்தலும் தீக்குச்சி கிழித்தலும் கூடவே கூடா. கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணானால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பழைய பேட்டரியை உடைத்து, மீன் வலைக்கு ஈயக் குண்டு வார்க்க எண்ணுவோரும் உண்டு. ஈயத்தின் தூளும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற தாய்மார்களுக்கும் கேடு. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இத்தகைய பேட்டரிகள் இடம்பெற்றுள்ளன. அவற்றை வீட்டருகே போட்டுவைக்காமல் பேட்டரிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு ஈடாகப் புதுப் பேட்டரியின் விலையில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வண்டியில் 0.25 ஆம்பியர் கசிகிறது. அதன் பேட்டரி 40 ஆம்பியர்-மணி. தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் பேருந்தில் செல்லும் குடும்பத்தார் வண்டியை ஐந்து நாள் வீட்டிலேயே நிறுத்திச் செல்கின்றனர். திரும்பி வரும்போது பேட்டரியில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? வண்டி கிளம்புமா? பிள்ளைகளோடு அமர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். அதன் பின், உங்கள் வண்டி கிளம்பாத நாள்களை ஒரு தாளில் குறித்து வாருங்கள். புதுப் பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் அந்தத் தாளை ஒருமுறை பாருங்கள்.