உணவும் ஈறும்

ஆரணி என்றதும் பட்டே நினைவிற்கு வரும். அவ்வூரில் அரிசி ஆலைகளும் மிகுதி என்பதை நம்மிற் சிலரே எண்ணுவர். தறியும் அரிசியும் கூடி ஒருவரை வருத்தியதை யாம் சென்ற விடுமுறையிற் கண்டோம். நாற்பதைக் கடந்த நெசவாளர் அவர். ஈறு வீங்கிக் குருதி கசிந்தது. பற்கள் மூன்று ஆடின. வேப்பங்குச்சியாற் பல் துலக்கத் தவறியவரல்லர். மருத்துவரோ பல்லைப் பற்றிக் கேளாமல், இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகின்றீர் என்று வினவினர்! நோயின் வேர் நீரிழிவு.

குழித்தறியில் அமர்ந்தார்க்கு மிதியை உந்தும் கால்களும் நாடா வீசும் கையுமன்றி உடல் பெயர்வது அரிது. வேளைதோறும் தீட்டிய அரிசிச் சோறு. இடையிடையே இனிப்பு மிகுந்த தேநீர். தவிடு நீங்கிய அரிசி விரைவிற் சர்க்கரையாய்க் குருதியிற் சேரும். அது மிகுந்து நின்றால் நுண்குழல்கள் பழுதுறும், வெள்ளணுக்கள் வலிகுன்றும், பல்லிடுக்கிற் கிருமிகள் பெருகிப் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும்.

வியப்பு இதன் மறுதலையே. ஈற்றின் அழற்சி குருதிவழிப் பரவி இன்சுலினின் வினையைத் தடுக்கும்; சர்க்கரை மேலும் ஏறும். ஈற்றுக்கு மருத்துவம் செய்த நீரிழிவினர்க்கு, மூன்று நான்கு திங்களில் எச்பிஏ1சி என்னும் அளவு ஏறத்தாழ 0.4 இறங்குவதை 2022-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வொன்று காட்டிற்று. நம் நாட்டில் நீரிழிவினர் 10.1 கோடியர் என்பது 2023-இல் வெளிவந்த கணக்கு.

சோற்றைக் குறை என்பது எளிது. அரிசியூரில் வாழ்வார்க்கு அன்று. கேழ்வரகும் அளவு மிகின் சர்க்கரையே ஆகும். அந்நெசவாளர் தேநீரில் இனிப்பை விடுத்தனர். இராவுணவிற் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பயறும் சேர்த்தனர். ஈற்றையும் தூய்மை செய்வித்துக்கொண்டனர். ஆடிய பல் ஒன்று போயிற்று. ஏனைய இரண்டும் இன்றும் உள.