ஏரியூருக்குப் போகும் தம்பிக்கு



முதல் பணியே ஏரியூர்ப் பக்கம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்தபிறகு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடிப் போகிறோம். அந்த வீட்டுத் திண்ணையில் மறதியைப் பற்றியும் கேள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், "வயசானா அப்படித்தானே" என்பார்கள்.

நாகமரைப் பக்கம் ஒரு பெரியவர். மேட்டூர் அணையில் தண்ணீர் எவ்வளவு இறங்கினால் நீருக்குள் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டும் என்று அடிக்கணக்கில் சொன்னார். "அப்பாவுக்கு ஞாபகம் கெட்டி" என்றார் மகன். நானும் நம்பிவிட்டேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் பெரியவரின் முகம் மருமகள் பக்கம் திரும்பியது. அந்தத் திரும்பலைக் கவனி. பழசு வெகுநாள் தங்கும். அல்சைமர் நோயில் முதலில் பழுதாவது புதுசைப் பதியவைக்கும் இடம்தான்.

டிமென்ஷியா எனும் மறதிநோய் பற்றி 2008-இல் வெளியான 10/66 என்ற ஆய்வில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. வழக்கமான அமெரிக்க அளவுகோலில் 65 வயது தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் டிமென்ஷியா என்று வந்தது. உள்ளூருக்கு ஏற்ற முறையில் பார்த்தபோது அது பல மடங்கு. பெரியவர்களின் தடுமாற்றத்தை வீட்டார் குறையாகச் சொல்வதில்லை என்பதை ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கருதினார்கள். பெரியவரிடம் வேலை வாங்காத வீட்டில் மறதி எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடமே போகாதவரிடம் தேதியும் கழித்தல் கணக்கும் கேட்காதே. நேற்று என்ன குழம்பு, ஆடிப் பதினெட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேள். பதிலை வீட்டாரிடம் சரிபார். ராகி, கொடுவாள், கோயில் என்று மூன்று சொல் கொடு. ஐந்து நிமிடம் பேச்சை மாற்றிவிட்டுத் திரும்பக் கேள்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று தடுமாறினால் வேறு கதை. மூத்திரத் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். அன்றே பென்னாகரத்துக்கு அனுப்பு. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் இவற்றையும் பார்க்காமல் டிமென்ஷியா என்று எழுதாதே.

இன்னொன்று. சாப்பிட்ட கை காயுமுன் "மருமக சோறே போடல" என்று ஒரு பாட்டி தெருவில் சொல்வார். சுருக்குப்பையைத் தானே ஒளித்துவைத்துவிட்டு, திருடிவிட்டாள் என்பார். ஊரும் அதை நம்பும். அது பொய்யும் இல்லை, வன்மமும் இல்லை; நோய். அந்த வீட்டில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார். "உங்க மேல தப்பில்லம்மா" என்று அந்த மருமகளிடம் சொல். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்.

அன்புடன்,
அக்கா